தாத்தா, தந்தை, மகன்: சர்வர் காப்பு நகல்களுக்கான நாடாச் சுழற்சி முறை

“இன்னுமா கேசட்டெல்லாம் இருக்கு?”

தொழிற்பயிற்சியின் முதல் வாரம் முடிந்து வீடு திரும்பிய என்னிடம் அம்மா கேட்ட கேள்வி இது. கணினித் துறையில் படிக்கும் மகன், செயற்கை நுண்ணறிவு, மேகக் கணிமை என்று ஏதேதோ கற்றுக்கொண்டு வருவான் என அவர் எதிர்பார்த்திருந்தார். நானோ ஐந்து நாளும் பழைய நாடாக்களைத் துடைத்து, எண்ணிட்டு, அலமாரியில் அடுக்கிவிட்டு வந்ததாகச் சொன்னேன். பாட்டு கேசட்டில் நாடா சிக்கிக்கொண்டால் பேனாவைச் செருகிச் சுற்றிச் சரிசெய்த தலைமுறை அம்மாவுடையது. அவர் சிரித்ததில் வியப்பில்லை. எனக்கே அன்று சற்று வெட்கமாகத்தான் இருந்தது.

ஆறு மாதப் பயிற்சி முடிவதற்குள் அந்த வெட்கம் போய்விட்டது. நான் அடுக்கி வைத்த நாடாக்களுள் ஒன்று, பதினான்கு தொழிலாளர்களின் சம்பளக் கணக்கைச் சரிசெய்ய உதவியது. அந்தக் கதையைப் பிற்பகுதியில் சொல்கிறேன். அது விளங்க வேண்டுமானால், நாடாச் சுழற்சி முறை என்றால் என்ன, அதை எப்படி அமைப்பது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு சிறு முன்குறிப்பு. நான் ஆறாம் ஆண்டு வரை தமிழ்ப்பள்ளியில் படித்தவன். அதன்பின் தேசிய இடைநிலைப்பள்ளி. கணினிப் பாடங்களை மலாயிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே படித்திருக்கிறேன். ஆகவே சர்வர், டிரைவ் போன்ற சொற்களை நாம் பேசுகிறபடியே எழுதுகிறேன். தமிழ்த்துறை நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

நாடா ஏன் இன்னும் இருக்கிறது?

கணினித் தகவல்களைக் காந்த நாடாவில் பதியும் வழக்கம் 1950களின் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. இன்று நிறுவனங்களில் பெரும்பாலும் காணப்படுவது எல்டிஓ எனும் வகை. 2000ஆம் ஆண்டில் வந்த முதல் தலைமுறை எல்டிஓ நாடா 100 கிகாபைட் கொண்டது. 2017இல் வந்த எட்டாம் தலைமுறை நாடா 12 டெராபைட். 2021இல் வந்த ஒன்பதாம் தலைமுறை 18 டெராபைட். உள்ளங்கையில் அடங்கும் சதுரப் பேழைதான். ஆனால் எட்டாம் தலைமுறைப் பேழைக்குள் சுருண்டிருக்கும் நாடாவின் நீளம் 960 மீட்டர். நான் பயிற்சி பெற்ற இடத்தில் இருந்தது இவ்வகைதான்.

வன்தட்டும் மேகச் சேமிப்பும் இருக்கும்போது நாடா எதற்கு? மூன்று காரணங்கள். முதலாவது, பெரிய அளவுத் தகவலை நீண்ட காலம் வைத்திருக்க நாடா மலிவானது. இரண்டாவது, முறையாகப் பாதுகாத்தால் முப்பது ஆண்டுகள் வரை தாங்கும் எனத் தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். மூன்றாவது காரணமே முதன்மையானது. அலமாரியில் இருக்கும் நாடா எந்தக் கம்பியோடும் இணைந்திருப்பதில்லை. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் சர்வருக்குள் புகுந்தாலும், அலமாரிக்குள் புக முடியாது.

2011 பிப்ரவரி இறுதியில், ஒரு மென்பொருள் புதுப்பிப்பில் இருந்த பிழையால் ஜிமெயில் பயனர்களுள் சுமார் 0.02 விழுக்காட்டினரின் அஞ்சல்கள் மறைந்துபோயின. கூகுள் நிறுவனம் ஒவ்வோர் அஞ்சலுக்கும் பல நகல்களை வெவ்வேறு தரவு மையங்களில் வைத்திருந்தது. ஆயினும் அதே பிழை அந்த நகல்களையும் பாதித்தது. இறுதியில் கைகொடுத்தவை நாடாக்களே.

நாடாவுக்குக் குறையும் உண்டு. வன்தட்டைப்போல் நினைத்த இடத்திற்குச் சட்டென்று தாவ முடியாது. வேண்டிய இடம் வரும்வரை சுற்ற வேண்டும். அன்றாட வேலைக்கு ஆகாது. பத்திரமாக வைத்திருந்து, தேவைப்படும்போது எடுப்பதற்கு ஏற்றது.

ஐந்து நாடாக்களும் ஒரு பெருநாளும்

நான் சென்ற நிறுவனம் கிள்ளான் பள்ளத்தாக்கில் உள்ளது. ஏறக்குறைய எண்பது பேர் வேலை செய்கிறார்கள். கடாவில், சுங்கைப் பட்டாணியில் ஒரு கிளையும் உண்டு. தலைமையகத்தின் மூன்று சர்வர்களில் மொத்தம் 2.4 டெராபைட் அளவு கோப்புகள் இருந்தன. 2025 மார்ச்சில் நான் சேர்ந்தபோது அங்கே ஐந்து நாடாக்கள் புழக்கத்தில் இருந்தன. திங்கள் முதல் வெள்ளி வரை நாளுக்கு ஒன்று. மாலையில் அன்றைய நாடாவை டிரைவில் செருகுவார்கள். இரவு பதினொரு மணிக்கு மென்பொருள் தானாகவே நகல் எடுக்கும். அடுத்த வாரம் அதே கிழமையில் அதே நாடாவின்மேல் புதிய நகல் எழுதப்படும்.

பார்ப்பதற்கு ஒழுங்காகத்தான் தெரிந்தது. எனக்கு மேற்பார்வையாளராக இருந்த அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “தம்பி, போன மாசம் ஒரு ஃபைல் கெட்டுப்போச்சு. இன்னிக்குத்தான் கண்டுபிடிச்சோம். எந்த டேப்ல தேடுவ?”

நான் ஐந்து நாடாக்களையும் பார்த்தேன். எதிலும் தேட முடியாது. ஐந்திலும் இருப்பது கெட்டுப்போன கோப்பின் நகல்தான். நாம் ஒவ்வோர் இரவும் சிரத்தையாக நகலெடுத்திருப்பது பிழையை.

அந்த மார்ச் இறுதியிலேயே இன்னொரு குறையும் வெளிப்பட்டது. நோன்புப் பெருநாள் மார்ச் 31, ஏப்ரல் 1 ஆகிய நாள்களில் வந்தது. வெள்ளி மாலை செருகிய நாடாவை மாற்ற அலுவலகத்தில் யாரும் இல்லை. மென்பொருளுக்குப் பெருநாள் தெரியுமா? திங்கள் இரவும் செவ்வாய் இரவும் அதே வெள்ளி நாடாவின்மேல் எழுதிவிட்டது. புதன்கிழமை நாங்கள் வந்து பார்த்தபோது வெள்ளிக்கிழமை நகல் இல்லை. அதிர்ஷ்டவசமாக யாருக்கும் அது தேவைப்படவில்லை.

பல கணினிப் பயனர்கள் குழப்பிக்கொள்ளும் ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். சர்வரில் இரண்டு வன்தட்டுகள் ஒன்றையொன்று பிரதிபலித்துக்கொண்டே இருக்கும் ஏற்பாடு உண்டு. ஒன்று பழுதடைந்தால் மற்றொன்று வேலையைத் தொடரும். இது காப்பு நகல் ஆகாது. ஒரு கோப்பைத் தவறுதலாக அழித்தால் இரண்டு தட்டிலும் அதே நொடியில் அழியும். வன்தட்டுப் பழுதிலிருந்து காக்கும். மனிதப் பிழையிலிருந்து காக்காது. அதற்கு நேற்றைய நிலை, சென்ற மாத நிலை, சென்ற ஆண்டு நிலை என்று வெவ்வேறு காலங்களின் நகல்கள் வேண்டும். ஆனால் எல்லா நாளையும் வைத்திருக்க நாடாக்கள் போதா. ஆக, எந்த நாளை வைத்துக்கொள்வது, எந்த நாளை விட்டுவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்வதுதான் சுழற்சி முறை.

மூன்று தலைமுறைகள்

பல முறைகள் இருக்கின்றன. ஹனோய் கோபுரம் எனும் புதிரின் பெயரால் அழைக்கப்படும் முறை ஒன்று உண்டு. முதல் நாடா இரண்டு நாளுக்கு ஒருமுறை, இரண்டாவது நான்கு நாளுக்கு ஒருமுறை, மூன்றாவது எட்டு நாளுக்கு ஒருமுறை என இரட்டித்துக்கொண்டே போகும். குறைந்த நாடாக்களில் அதிகக் காலத்தைப் பிடிக்கலாம். ஆனால் இன்று எந்த நாடா என்று கேட்டால் கைவிரல் விட்டு எண்ண வேண்டும். நாடா மாற்றுபவர் ஒரு நாள் குழம்பினால் போதும், முறையே குலைந்துவிடும். அண்ணன் அதை வேண்டாம் என்றார்.

நாங்கள் தேர்ந்தெடுத்தது தாத்தா, தந்தை, மகன் எனும் முறை. நானாக வைத்த பெயரன்று. ஆங்கிலத்திலும் அப்படியே அழைக்கிறார்கள். அக்காலத்தில் முதன்மைக் கோப்பு ஒரு நாடாவில் இருக்கும். அன்றைய வரவு செலவுகளைச் சேர்த்துப் புதிய நாடாவில் புதிய முதன்மைக் கோப்பு எழுதப்படும். புதியது மகன், அதற்கு மூலமானது தந்தை, அதற்கும் முந்தியது தாத்தா. மகனில் கோளாறு என்றால் தந்தையை எடுத்து மீண்டும் தொடங்கலாம்.

இன்றைய சுழற்சியில் இப்பெயர்கள் சற்றே வேறு பொருளில் வழங்குகின்றன. எங்கள் அமைப்பு இப்படித்தான் இருந்தது.

மகன் நாடாக்கள் நான்கு. திங்கள், செவ்வாய், புதன், வியாழன். ஒவ்வொன்றும் மறுவாரம் அதே கிழமையில் மீண்டும் எழுதப்படும். நேற்று அழித்த கோப்பு, முந்தாநாள் மேலெழுதிய கடிதம் போன்றவற்றுக்கு இவை போதும்.

தந்தை நாடாக்கள் நான்கு. மாதத்தின் முதல், இரண்டாம், மூன்றாம், நான்காம் வெள்ளிக்கு ஒவ்வொன்று. அடுத்த மாதம் அதே வெள்ளி வரும்வரை, அதாவது நான்கு அல்லது ஐந்து வாரங்கள், இவற்றைத் தொடுவதில்லை.

தாத்தா நாடாக்கள் பன்னிரண்டு. மாதத்தின் கடைசி வெள்ளியன்று தந்தை நாடாவுக்குப் பதிலாக அம்மாதத்தின் தாத்தா நாடா டிரைவுக்குள் போகும். ஓராண்டு கழித்துத்தான் அதன்மேல் மீண்டும் எழுதலாம். வெள்ளி நான்கு மட்டும் உள்ள மாதத்தில் நான்காம் தந்தைக்கு ஓய்வு.

ஆக மொத்தம் இருபது நாடாக்கள். இவற்றோடு டிரைவின் தலைப்பகுதியைத் துடைக்கும் துப்புரவு நாடா ஒன்று. இருபதைக் கொண்டு நேற்றைக்கும் போகலாம், சென்ற மாதத்திற்கும் போகலாம், பத்து மாதத்திற்கு முன்பும் போகலாம். காலம் தூரமாகத் தூரமாக இடைவெளி பெரிதாகிறது. நம் நினைவும் அப்படித்தானே? நேற்று என்ன சாப்பிட்டோம் என்பது தெரியும். போன மாதத்தில் ஒரு திருமணம் நினைவிருக்கும். பத்து மாதத்திற்கு முன்பு தீபாவளி மட்டும் நினைவிருக்கும்.

டிசம்பர் மாதத் தாத்தாவுக்கு மட்டும் தனி மரியாதை. நம் நாட்டின் 2016ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின்படி கணக்குப் பதிவேடுகளை ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். ஆகவே டிசம்பர் நாடா சுழற்சிக்குத் திரும்புவதில்லை. அது நிரந்தர அலமாரிக்குப் போகும். அதன் இடத்தில் ஆண்டுக்கொரு புதிய நாடா வாங்கப்படும்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நாடா இருந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கும் டிரைவும் இருக்க வேண்டும். எட்டாம் தலைமுறை டிரைவ் ஏழாம், எட்டாம் தலைமுறை நாடாக்களை மட்டுமே படிக்கும். 2025இல் வந்த பத்தாம் தலைமுறை டிரைவோ பத்தாம் தலைமுறை நாடாவைத் தவிர வேறெதையும் படிக்காது. டிரைவை மாற்றும்போது பழைய நாடாக்களைப் புதியவற்றுக்குப் பெயர்த்தெழுத வேண்டும், அல்லது பழைய டிரைவையும் பாதுகாக்க வேண்டும். தமிழர்களுக்கு இது புதிதன்று. ஓலைச்சுவடி செல்லரித்துச் சிதையும் முன்னே புதிய ஏட்டில் பெயர்த்தெழுதிய கைகளால்தான் பழைய இலக்கியங்கள் அச்சு ஏறும் காலம்வரை பிழைத்திருந்தன.

ஒவ்வோர் இரவும் எல்லாவற்றையும் எழுதுவதா, மாறியவற்றை மட்டும் எழுதுவதா என்பது அடுத்த கேள்வி. மாறியவற்றை மட்டும் எழுதினால் வேகமாக முடியும். ஆனால் மீட்கும்போது கடைசி முழு நகலோடு அதற்குப் பிந்திய நாடாக்களும் தேவைப்படும்; அவற்றுள் ஒன்று கெட்டிருந்தால் தொல்லை. எங்கள் டிரைவ் நொடிக்கு 300 மெகாபைட் எழுதக்கூடியது. 2.4 டெராபைட்டுக்குக் கணக்குப்படி இரண்டேகால் மணி நேரம். ஆகவே எல்லா இரவும் முழு நகல் என்று முடிவு செய்தோம். நடைமுறையில் ஐந்து மணி நேரத்திற்கும் மேலானது. காரணம், ஆயிரக்கணக்கான சிறுசிறு கோப்புகள். சர்வர் அவற்றைத் தேடித் தேடிக் கொடுப்பதற்குள் நாடா நிற்கிறது, சற்றுப் பின்னோக்கிச் சுற்றுகிறது, மீண்டும் ஓடுகிறது. இது நாடாவையும் டிரைவையும் தேய்க்கும். முதலில் ஒரு வன்தட்டில் மொத்தமாகச் சேர்த்து, பிறகு ஒரே ஓட்டமாக நாடாவுக்கு அனுப்பியபோது இச்சிக்கல் தீர்ந்தது.

நாள்காட்டியும் நம் நாடும்

புத்தகத்தில் இருக்கும் முறையை அப்படியே எடுத்துவந்தால் நம் ஊரில் செல்லாது. புத்தகங்கள் வெள்ளிக்கிழமையை வாரத்தின் கடைசி வேலைநாள் என்கின்றன. சுங்கைப் பட்டாணிக் கிளைக்கு வெள்ளியும் சனியும் விடுமுறை. கடா மாநிலத்தில் வேலை வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வியாழனில் முடிகிறது. அக்கிளைக்கு ஞாயிறு முதல் புதன் வரை மகன்கள். வியாழன்தான் தந்தைக்குரிய நாள். நான் முதலில் போட்ட அட்டவணையில் இதைக் கவனிக்கவில்லை. கிளையிலிருந்த அக்கா தொலைபேசியில் அழைத்து, “வெள்ளிக்கிழமை கதவையே திறக்க மாட்டோம் தம்பி, டேப்பை யார் மாத்துவா?” என்று கேட்ட பிறகுதான் திருத்தினேன்.

பொது விடுமுறைகளுக்கு ஒரு விதி எழுதினோம். விடுமுறைக்கு முந்தைய மாலையில் செருகிய நாடாவின்மேல் ஒருமுறைக்குமேல் எழுத மென்பொருளுக்கு அனுமதியில்லை. எதிர்பார்க்கும் நாடா டிரைவில் இல்லையென்றால் எழுதாமல் நின்றுவிட்டு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். பெருநாளன்று யாரும் கோப்புகளைத் திருத்தப் போவதில்லை. அன்று நகல் இல்லாவிட்டால் குடி முழுகாது. இருக்கும் நகலை அழிப்பதுதான் கேடு.

எங்கே வைப்பது?

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கைத் தாக்கிய வெள்ளத்தை நம்மில் பலர் நேரில் கண்டோம். ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகளின் கூரைமேல் மக்கள் காத்திருந்த காட்சி மறக்கக்கூடியதன்று. அந்நிறுவனத்தின் கீழ்த்தளத்திலும் அப்போது முழங்கால் அளவு தண்ணீர் வந்ததாம். சர்வர்கள் மேல்தளத்தில் இருந்ததால் தப்பின. அப்போதைய நாடாக்கள் கீழ்த்தளத்தில், இழுப்பறையில் ஊறிப்போயின. மாறி நடந்திருந்தால்? இரண்டுமே கீழ்த்தளத்தில் இருந்திருந்தால்?

மூன்று, இரண்டு, ஒன்று என்று ஒரு பொது விதி உண்டு. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோக் பரவலாக்கியது. தகவலுக்கு மூன்று நகல்கள். இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில். அவற்றுள் ஒன்று வேறோர் இடத்தில். இவ்விதியைப் பெரிய அரசுகளும் மறந்துபோவதுண்டு. 2025 செப்டம்பர் 26ஆம் நாள் தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் மின்கலத் தீ ஏற்பட்டது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வைத்திருந்த ஒரு தொகுதி, 858 டெராபைட் அளவுடையது, முற்றாக அழிந்தது. அதற்கு வெளியிடத்தில் காப்பு நகல் இல்லை.

எங்கள் ஏற்பாட்டில் மகன் நாடாக்கள் சர்வர் அறையிலேயே இருந்தன. தந்தை நாடாக்கள் மேல்தளத்தில் தீத்தாங்கும் பெட்டகத்தில். அந்தப் பெட்டகம் வாங்கும்போதும் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். தாள்களுக்கான தீத்தாங்கும் பெட்டகம், உள்வெப்பம் 177 பாகை செல்சியசைத் தாண்டாமல் காக்கும். அந்த வெப்பத்தில் தாள் கருகாது, ஆனால் நாடா பாழாகிவிடும். நாடாக்களுக்கு 52 பாகைக்குள் காக்கும் தனிவகைப் பெட்டகம் வேண்டும்.

தாத்தா நாடாக்கள் மாதந்தோறும் சுங்கைப் பட்டாணிக்குப் பயணமாயின. அங்குள்ள தாத்தாக்கள் இங்கு வந்தனர். ஒரே வெள்ளம் கிள்ளானையும் கடாவையும் சேர்த்து மூழ்கடிக்காது என்பது எங்கள் நம்பிக்கை. அலுவலகத்தைவிட்டு வெளியேறும் நாடா காணாமற்போகவும் கூடும் என்பதால் எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டன. அந்த மறையாக்கத் திறவுச்சொல்லைச் சர்வரில் மட்டும் வைத்திருப்பது, வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும். தாளில் எழுதி, உறையிலிட்டு, இரண்டு இடங்களில் வைத்தோம்.

நம் வெயிலும் ஈரப்பதமும் நாடாவுக்குப் பகை. நண்பகலில் நிறுத்திவைத்த காருக்குள் நாடாவை விடக்கூடாது. வெளியூரிலிருந்து வந்த நாடாவை உடனே செருகாமல், குளிரூட்டிய அறையில் ஒரு நாள் வைத்திருந்து பிறகே பயன்படுத்த வேண்டும்.

பச்சை நிறத்தை நம்பாதே

“பேக்கப் எடுக்கறது வேலை இல்ல தம்பி. எடுத்தத திருப்பிக் கொண்டு வந்து காட்டு. அப்பதான் வேலை முடிஞ்சுச்சு.” அண்ணன் இதை அடிக்கடி சொல்வார்.

புதிய முறையின் முதல் தாத்தா நாடா 2025 ஏப்ரல் 25ஆம் நாள், வெள்ளி இரவு எழுதப்பட்டது. திங்கட்கிழமை மென்பொருள் பச்சை நிறத்தில் ‘நிறைவடைந்தது’ என்று காட்டியது. நான் மகிழ்ந்தேன். அண்ணன் வெவ்வேறு கோப்புறைகளிலிருந்து ஐந்து கோப்புகளைத் தாளில் எழுதிக் கொடுத்து, நாடாவிலிருந்து எடுத்துவரச் சொன்னார். நான்கு வந்தன. ஐந்தாவது, கணக்குப் பிரிவினுடையது. அக்கோப்புறை நாடாவில் வெறுமையாக இருந்தது.

மென்பொருளின் முழு அறிக்கையைக் கீழே வரை படித்தபோது விடை கிடைத்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, கணக்குப் பிரிவுக் கோப்புகளை மற்றவர்கள் பார்க்காதபடி பூட்டியிருக்கிறார்கள். அப்பூட்டு காப்பு நகல் மென்பொருளையும் வெளியே நிறுத்திவிட்டது. அனுமதி மறுக்கப்பட்டதாக ஒவ்வோர் இரவும் அது குறிப்பு எழுதியிருக்கிறது. யாரும் கீழே வரை படிக்கவில்லை. இரண்டு ஆண்டுகளாக, சம்பளக் கணக்கு உட்பட, அப்பிரிவின் ஒரு கோப்புக்கும் காப்பு நகல் இல்லை. சட்டப்படி ஏழு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டியவையும் அவற்றில் அடக்கம்.

எனக்கு உள்ளங்கை வியர்த்துவிட்டது. அன்றே அனுமதியைச் சரிசெய்து, இரவில் ஏப்ரல் நாடாவை மறுபடியும் எழுதி, மறுநாள் அந்த ஐந்தாவது கோப்பைத் திறந்து பார்த்தோம்.

இது சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் நேர்வதன்று. 2017 ஜனவரி 31ஆம் நாள் கிட்லேப் எனும் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளத்தை அழித்துவிட்டார். மீட்கப் போனபோது, அவர்களிடம் இருந்த ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகளும் ஒழுங்காக வேலை செய்யவில்லை. ஆறு மணி நேரத்திற்கு முன்பு தற்செயலாகக் கையால் எடுத்துவைத்த நகல் ஒன்றே காப்பாற்றியது. அந்நிறுவனம் இதை ஒளிக்காமல் உலகறியச் சொன்னது பாராட்டுக்குரியது.

அதன்பின் மாதத்தின் முதல் திங்கள் எங்களுக்கு மீட்புச் சோதனை நாள். எந்த நாடா, எந்தக் கோப்பு, யார் திறந்து பார்த்தார் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதிக் கையொப்பமிட்டோம். கணினியில் அன்று; கடையில் வாங்கிய தடித்த அட்டைக் குறிப்பேட்டில். சர்வர் விழுந்த நாளில் சர்வருக்குள் இருக்கும் குறிப்பால் என்ன பயன்?

பதினான்கு பேரின் ஓவர்டைம்

ஆகஸ்டு நடுப்பகுதி. என் பயிற்சி முடிய இரண்டு வாரங்கள் இருந்தன. லாரி ஓட்டுநர் அங்கிள் ஒருவர் கணக்குப் பிரிவு அக்காவின் மேசைக்கு முன்னே நின்றுகொண்டிருந்தார். மே மாதம் 38 மணி நேரம் ஓவர்டைம் செய்ததாகவும், 12 மணி நேரத்திற்கே பணம் வந்ததாகவும் சொன்னார். இது அவர் மூன்றாம் முறை வருவது. முன்பு இருமுறையும், ‘கம்ப்யூட்டரில் 12 என்றுதான் இருக்கிறது’ என்ற பதிலே கிடைத்ததாம். இம்முறை சட்டைப்பையிலிருந்து ஒரு சிறு நோட்டுப்புத்தகத்தை எடுத்துக் காட்டினார். நாள், நேரம், போன இடம் எல்லாம் பென்சிலில் எழுதியிருந்தார்.

அக்கா நேர்மையானவர். அவர் எங்கள் அறைக்கு வந்து, “இந்த எக்செல் ஃபைல் பழசு ஏதாச்சும் இருக்கா தம்பி?” என்று கேட்டார்.

மகன் நாடாக்களில் 12. முதல் மூன்று தந்தை நாடாக்கள் ஜூலை வரைதான் பின்னோக்கிப் போகும், அவற்றிலும் 12. ஜூன் தாத்தாவைச் செருகினோம், அதிலும் 12. அக்கா பெருமூச்சு விட்டார். பிறகு மே தாத்தா. மே 30ஆம் நாள் இரவு எழுதப்பட்டது. சுங்கைப் பட்டாணியிலிருந்து மறுநாள் பேருந்தில் வந்து சேர்ந்தது. ஒரு நாள் அறையில் வைத்துவிட்டுச் செருகினோம். அங்கிளின் பெயருக்கு எதிரே 36 என்று இருந்தது. மீதி இரண்டு மணி நேரம், மே 31, சனிக்கிழமை செய்தது. அவர் நோட்டுப்புத்தகத்தில் அதுவும் இருந்தது.

இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நடந்தது விளங்கியது. ஜூன் தொடக்கத்தில், சம்பளம் போடுவதற்கு முன்பு, யாரோ பெயர்ப் பத்தியை மட்டும் அகர வரிசையில் அடுக்கியிருக்கிறார்கள். பக்கத்துப் பத்தியில் இருந்த மணிக்கணக்குகள் அசையாமல் நின்றுவிட்டன. ஒருவருடைய உழைப்பு இன்னொருவர் பெயருக்குப் போய்விட்டது. பதினான்கு பேரின் கணக்கு மாறியிருந்தது. சிலருக்குக் குறைவு, சிலருக்குக் கூடுதல். குறைந்தவர்களுள் மூவர் கேட்கவே இல்லை. கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

அடுத்த சம்பளத்தில் குறைந்ததை எல்லாம் சேர்த்துக் கொடுத்தார்கள். கூடுதலாகப் பெற்றவர்களிடம் திரும்பக் கேட்பதில்லை என மேலாளர் முடிவு செய்தார்.

அன்றிரவு நான் எண்ணிப் பார்த்தது இதைத்தான். பழைய ஐந்து நாடாக்களோடு இருந்திருந்தால் மே மாதமே எங்களிடம் இருந்திருக்காது. புதிய முறை இருந்தும் ஏப்ரலில் அந்த ஐந்தாவது கோப்பைத் திறந்து பார்க்காமல் விட்டிருந்தால், மே நாடா இருந்திருக்கும், அதற்குள் கணக்குக் கோப்புறை வெறுமையாக இருந்திருக்கும். இரண்டும் சேர்ந்ததால்தான் அங்கிளின் பென்சில் எழுத்துக்குத் துணையாக ஒரு சாட்சி கிடைத்தது. கணினியில் இருப்பது இன்றைய நிலை மட்டுமே. அது எப்போதும் இப்படியேதான் இருந்ததா என்பதற்கு, அன்றைக்கு எழுதி ஒதுக்கி வைத்த நகல்தான் விடை சொல்லும்.

நம் கழகத்திற்கு ஒரு வேண்டுகோள்

இக்கட்டுரையை எழுதும் முன்பு இதழ்க் குழுவினரிடம் நம் ஆண்டிதழின் பழைய கோப்புகள் எங்கே என்று கேட்டேன். ஒரு வன்தட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அது செயலாளரின் பையில், விடுதி அறையில் இருக்கிறது. அதற்கு நகல் கிடையாது. கலை இரவுப் படங்கள், நாடக ஒளிப்பதிவுகள், முன்னாள் மாணவர்களின் கட்டுரைகள் எல்லாம் அதற்குள்தான். ஆண்டுதோறும் செயலாளர் மாறும்போது அப்பை கைமாறுகிறது.

நமக்கு நாடா டிரைவ் தேவையில்லை. மூன்று வன்தட்டுகள் போதும். ஒன்று மகன்: நடப்புச் செயலாளரிடம், மாதம் ஒருமுறை புதுப்பிக்கப்படும். ஒன்று தந்தை: கழக ஆலோசகரின் அலுவலகத்தில், தவணைக்கு ஒருமுறை. ஒன்று தாத்தா: கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வெளியே வாழும் முன்னாள் மாணவர் ஒருவரின் வீட்டில், ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்ததும் புதுப்பித்து அனுப்பப்படும். பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிப்பதோடு, தாத்தா தட்டிலிருந்து ஏதேனும் மூன்று கோப்புகளை அனைவர் முன்னிலையிலும் திறந்து காட்டுவோம். ஒரு தடித்த அட்டைக் குறிப்பேடும் வேண்டும். அதை நான் வாங்கித் தருகிறேன்.

இதைப் படிக்கும் முன்னாள் மாணவர்களிடம் பழைய இதழின் கோப்போ, அச்சுப் பிரதியோ, படமோ இருந்தால் அன்புகூர்ந்து கழகத்திற்கு ஒரு நகல் கொடுங்கள். உங்களிடம் இருப்பதுதான் எஞ்சியுள்ள ஒரே பிரதியாக இருக்கலாம்.

பேரன் என்ற சொல் பெயரன் என்பதிலிருந்து வந்தது, தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை சொல்லிக் கொடுத்தார். நமக்குப் பின்னே வரும் மாணவர்கள் நம் கழகத்தின் பெயரைத் தாங்குவார்கள். அப்பெயருக்குரியவை அவர்கள் கைக்குப் போய்ச் சேருவதற்கு, இன்றிரவே ஒரு நகல் எடுப்போம். நாளைக் காலையில் அதைத் திறந்தும் பார்ப்போம்.